ஊருக்குப் போய் ஓய்வெடுக்கலாமா? கணக்கு யாருக்குச் சரியாக வருகிறது

வயதான காலத்தில் வெளிநாட்டுக்குப் போய், குறைந்த செலவில், புது இடம் புது மனிதர் என்று வாழலாம் என்ற பேச்சு இப்போது உலகம் முழுக்கக் கேட்கிறது. அந்தப் பேச்சில் மலேசியாவுக்கு நல்ல மரியாதை உண்டு. 'மலேசியா என் இரண்டாவது இல்லம்' திட்டம் 2002-இல் தொடங்கியதிலிருந்து ஜப்பானியர், சீனர், கொரியர், ஆங்கிலேயர் என்று பலர் இங்கே வந்து குடியேறியிருக்கிறார்கள். மோன் கியாராவில் பார்க்கலாம், பினாங்கில் பார்க்கலாம்.

அவர்கள் சும்மா வந்துவிடவில்லை. 50 வயதைத் தாண்டியவர் முன்பு 150,000 ரிங்கிட்டை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டால் போதும் என்றிருந்தது. 2021-இல் அதை 10 லட்சம் ரிங்கிட்டாக ஏற்றி, மாத வருமானமும் 40,000 ரிங்கிட் இருக்கவேண்டும் என்றார்கள். கூட்டம் குறைந்தது. 2024-இல் மறுபடி மாற்றினார்கள். இப்போது கீழ்ப்படியான வெள்ளிப் பிரிவுக்கே 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும், 600,000 ரிங்கிட்டுக்குக் குறையாத வீடும் வாங்கவேண்டும். ஆக, 'மலிவான நாடு' என்று தேடி வருகிறவர் கையில் என்ன இருக்கிறது என்பதை நம் அரசாங்கம் நன்றாக எண்ணிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறது.

நம்மவர்களும் இதே யோசனையில்தான் இருக்கிறார்கள், திசை மட்டும் வேறு. கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்தால், பிரிக்பீல்ட்ஸில் நகைக்கடை வாசலில் நின்றால், செய்திக்காகப் போகும் தாமான்களில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டால், இந்தப் பேச்சு அடிக்கடி வந்துவிடுகிறது. திருச்சியில் ஒரு வீடு. மதுரைப் பக்கம் ஒரு வீடு. கோயில் கோயிலாகச் சுற்றலாம், அங்கே ஒரு வெள்ளி இருபது ரூபாய் ஆகிறதே, நான்கு மணி நேரத்தில் திருச்சி போய் இறங்கிவிடலாமே!

இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த ஆசையில் கைவைக்கப்படும் பணம் பெரும்பாலும் ஒருவருடைய ஒரே பணம்: சேமநிதி.

ஊழியர் சேமநிதி வாரியம் 55 வயதில் இருக்கவேண்டிய அடிப்படைச் சேமிப்பு என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது 240,000 ரிங்கிட். அதற்குப் பின்னால் உள்ள கணக்கு எளிது. மாதம் 1,000 ரிங்கிட், 20 ஆண்டுகளுக்கு. இது போதாது என்று வாரியமே உணர்ந்து, 2026 முதல் படிப்படியாக அடிப்படைச் சேமிப்பை 390,000-க்கு உயர்த்துகிறது. ஓரளவு போதுமான சேமிப்பு என்று அது வைத்திருக்கும் இலக்கு 650,000. நம் தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் அந்த 240,000-ஐயே கண்ணால் பார்த்திருப்பார்கள்?

2001-இல் பால்மரத் தொழிலாளர்களுக்கு மாதச் சம்பளம் என்று போராடிப் பெற்ற தொகை 325 ரிங்கிட். தொழிலாளி 11 விழுக்காடு, முதலாளி 12 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும் மாதம் சேமநிதியில் விழுவது 75 ரிங்கிட்டுக்கும் சற்றுக் குறைவு. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்து 900 ரிங்கிட் ஆனது 2013-இல். அதற்குள் அந்தத் தலைமுறையில் பலருக்கு வேலைக்காலமே முடிந்துவிட்டது. பிறகு கோவிட் வந்தது. அந்தக் காலத்தில் நான்கு சிறப்புத் திட்டங்களின் வழியாக நாடு முழுவதும் உறுப்பினர்கள் எடுத்த சேமநிதிப் பணம் 14,500 கோடி ரிங்கிட். பசிக்கு எடுத்ததைக் குறை சொல்லமுடியாது. ஆனால் எடுத்தது எடுத்ததுதான்.

இப்போது ஓர் உதாரணம். ஒருவரிடம் 60,000 ரிங்கிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே 20 ஆண்டுக்குப் பங்கிட்டால் மாதம் 250 ரிங்கிட். வாழ முடியாது. இந்தியாவுக்குக் கொண்டுபோனால் அது ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். 'லட்சம்' என்ற சொல் காதில் விழுந்ததும் கை தளர்ந்துவிடுகிறது. அதே 20 ஆண்டுக்குப் பங்கிட்டால் மாதம் 5,000 ரூபாய். அதில் வாடகையும் கொடுத்து, மாத்திரையும் வாங்கி, இரண்டு பேர் சாப்பிடவேண்டும். தொகைக்குப் பின்னால் பூஜ்யம் கூடியதே தவிர மாதம் அப்படியேதான் இருக்கிறது. 240,000 உள்ளவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரும். அவர் சிறிய ஊரில், சொந்த வீட்டில், உடம்பு நன்றாக இருக்கும்வரை சமாளிப்பார்.

விலைவாசியையும் மறந்துவிடக்கூடாது. இந்திய ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் பணவீக்க இலக்கே 4 விழுக்காடு. இலக்கோடு நின்றாலும், இன்று 20,000 ரூபாய்க்கு வாங்குவதை 18 ஆண்டு கழித்து வாங்க 40,000 வேண்டும். ரூபாய் மதிப்பு இறங்குவதால் நமக்கு ஓரளவு ஈடாகும் என்பதும் உண்மை. 2010 வாக்கில் ஒரு ரிங்கிட்டுக்குப் பதினைந்து ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஈடு, பணத்தை ரிங்கிட்டாக இங்கேயே வைத்திருப்பவருக்குத்தான். மொத்தமாக எடுத்து ரூபாயாக மாற்றி அங்கே ஒரு வீட்டில் போட்டவருக்கு அது கிடையாது.

இதெல்லாம் புதிதாக வந்த கணக்கா என்றால், இல்லை. நம் சமூகத்தில் இரண்டு வகைத் தமிழர்கள் இதை ஏற்கனவே செய்து பார்த்துவிட்டார்கள்.

முதல் வகையினர் பிரிக்பீல்ட்ஸில் இருந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயிலும் மற்ற அரசாங்க இலாகாக்களிலும் எழுத்தர்களாக, நிலைய அதிகாரிகளாக வேலை பார்த்தவர்கள். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது. 1915-இல் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய நூறு குவார்ட்டர்ஸ் பகுதியைச் சுற்றித்தான் அந்த வாழ்க்கை நடந்தது. இவர்களில் பலர் வேலை முடிந்ததும் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போய் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அங்கே 'மலாயா பென்ஷன்காரர்' என்றால் தனி மரியாதை. கடல் தாண்டி மாதா மாதம் பணம் வந்தது. ஊரில் நிலமும் வீடும் உறவும் முன்பே இருந்தன. குறைந்த செலவில் வெளிநாட்டில் ஓய்வு என்று இன்று சொல்கிறார்களே, அதை அவர்கள் அன்றே செய்துகாட்டினார்கள். (பிற்காலத்தில் அந்த ஊரே போர்க்களம் ஆனது. எந்த ஓய்வூதியமும் அதைக் கணக்கில் எடுத்திருக்க முடியாது.)

இரண்டாவது வகையினர் நம் தோட்டத்து மக்கள். இவர்கள் ஊருக்குப் போனதைச் சரித்திரம் 'திருப்பி அனுப்புதல்' என்ற பெயரில் எழுதி வைத்திருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். ஆள் கொண்டுவருவதற்கென்று இருந்த குடியேற்ற நிதியிலிருந்துதான் வயதானவர்களையும் நோயாளிகளையும் திருப்பி அனுப்பவும் செலவழித்தார்கள். வேலை செய்ய முடிந்தவரை இங்கே, முடியாதபோது அங்கே. மாதம் ஒரு காசு கொடுக்கும் ஏற்பாடு அதில் இல்லை. சேமநிதி வந்ததே 1951-இல்தான்.

அடுத்த அலை 1969-க்குப் பிறகு. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்ற சட்டம் 1968-இல் வந்து, நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பல் ஏறினார்கள். கையில் சேமநிதிப் பணம் மொத்தமாக இருந்தது. இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இருந்தது. அவர்களுக்கு வேலை கொடுக்கவே நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தமிழ்நாடு அரசு உருவாக்கியது. மலேசியாவிலிருந்து போனவர்களுக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. சொந்தக்காரர்தான் திட்டம், சொந்தக்காரர்தான் வங்கி. அது எங்கே போய் முடிந்திருக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

இரண்டு வகையினரும் தமிழர்கள்தான், இரண்டு பேரும் கடலைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவருக்கு மாதம் தவறாமல் பணம் வந்தது, இன்னொருவர் மொத்தமாக ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்குத் தெரிந்து வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது. இன்று ஓய்வுபெறும் அரசாங்க ஆசிரியர், அரசாங்க ஆஸ்பத்திரித் தாதி போன்றவர்கள் முதல் வகை. தொழிற்சாலையிலும் பாதுகாவலர் வேலையிலும் லாரியிலும் உழைத்துச் சேமநிதியை நம்பி நிற்பவர்கள் இரண்டாவது வகை. ஊருக்குப் போகலாம் என்ற யோசனையை இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி விற்கிறார்கள்.

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தோட்டத்துப் பேச்சில் 'ஊர்' என்றால் இந்தியா. இங்கேயே பிறந்து, அங்கே ஒருமுறைகூடப் போகாதவரும் "ஊர்ல இருந்து வந்திருக்காங்க" என்றுதான் சொல்வார். இருக்கும் இடத்தை 'தோட்டம்' என்றார்களே தவிர ஊர் என்று சொல்லவில்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்யவேண்டும். தோட்டத்தில் ஓய்வு பெறுவது என்பதே குடி பெயர்வதுதான். புத்ராஜெயா எழுந்த பிராங் பெசார் தோட்டத்து மக்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படிப் பல தோட்டங்களின் பெயர்கள் இன்று சாலைப் பெயராகவும் வீடமைப்புப் பகுதியின் பெயராகவும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. 60 வயதில் சொந்தக் கூரை இல்லாதவர் வெளிநாட்டில் வீடு தேடுவதைச் சாகசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊரில் மட்டும் கூரை காத்திருக்கிறதா? 2024-இல் திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறச் சொன்னபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்கள் லயத்தைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று நீதிமன்றப் படி ஏறினார்கள். நம் கதையேதான், கடலுக்கு அந்தப் பக்கம்.

இனி, போகத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கான விவரம்.

சுற்றுலா விசாவில் ஓய்வுக்காலத்தை ஓட்டமுடியாது. தொடர்ந்து தங்க நாள் வரம்பு உண்டு. இருக்கும் நல்ல வழி ஓ.சி.ஐ. அட்டை, அதாவது இந்திய வெளிநாட்டுக் குடியுரிமை அட்டை. பெயரில்தான் குடியுரிமை. உண்மையில் அது ஆயுள் முழுவதற்கும் செல்லும் ஒரு விசா. உங்கள் மலேசியக் கடப்பிதழ் உங்களிடமே இருக்கும். அங்கே ஓட்டுரிமை கிடையாது. ரேஷன் அட்டை, அதை ஒட்டிய அரசாங்கக் காப்பீடு இவற்றை எதிர்பார்க்கக்கூடாது. கட்டணம் 275 அமெரிக்க டாலர்.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் இதற்குத் தகுதியாகச் சொல்வது, 1950 ஜனவரி 26-இல் இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை. சில நாடுகளில் உள்ள வம்சாவளியினருக்கு இந்தத் தலைமுறை வரம்பைத் தளர்த்தியும் இருக்கிறார்கள். அதனால் மனு போடும் நாளில் நமக்கு எந்த விதி என்று கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இன்று 60 வயதானவருக்கு அப்பா இங்கே பிறந்திருப்பார், தாத்தா அங்கே பிறந்திருப்பார். தலைமுறைக் கணக்கில் சிக்கல் இல்லை. சிக்கல் காகிதத்தில். தாத்தாவின் பழைய கடப்பிதழ், கப்பல் பயணப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, இவற்றில் ஏதோ ஒன்று வேண்டும். அதிலிருந்து உங்கள் பிறப்புப் பத்திரம் வரை பெயர்ச் சங்கிலி அறுபடாமல் வரவேண்டும். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்ததை எழுதிய காலம் அது. முனியாண்டி ஒரு பத்திரத்தில் முனியனாகவும் இன்னொன்றில் முனிசாமியாகவும் இருப்பார். தேசியப் பதிவிலாகாவில் பழைய பதிவுகளைத் தேடி எடுக்கவே மாதக் கணக்கில் ஆகலாம். ஓய்வு பெற்றபின் இதைத் தொடங்கக்கூடாது. ஐந்து ஆண்டு முன்பே தொடங்கவேண்டும்.

சரி, அட்டை வந்துவிட்டது. வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். ஆனால் விவசாய நிலமும், தோட்டமும், பண்ணை வீடும் ஓ.சி.ஐ. அட்டைக்காரர் வாங்கமுடியாது! நான்கு தலைமுறை அடுத்தவன் தோட்டத்தில் உழைத்த குடும்பம், ஊருக்குப் போய் ஒரு காணி வாங்கி நாலு தென்னை வைக்கலாம் என்று நினைத்தால் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் சிலர் செய்வது, மாமன் மகன் பெயரில், பங்காளி பெயரில் நிலத்தை எழுதிவைப்பது. இதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. பங்காளி மனம் மாறினால் நிலம் போகும். மாறாவிட்டாலும், இந்தியப் பினாமிச் சட்டத்தை 2016-இல் கடுமையாக்கியிருக்கிறார்கள், சொத்தை அரசாங்கமே எடுத்துக்கொள்ளலாம். வீடு வாங்குவதானாலும் பணத்தை வங்கி வழியாக அனுப்பி, உங்கள் பெயரிலேயே பத்திரம் பதியவேண்டும்.

வரியும் இருக்கிறது. ஒரு நிதியாண்டில் 182 நாள் அங்கே இருந்தால் இந்திய வரிச் சட்டம் உங்களைத் தன் கணக்கில் சேர்த்துப் பார்க்கத் தொடங்கும். இரண்டு நாட்டுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் பயப்படவேண்டியதில்லை, கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.

நான் அதிகம் கவலைப்படுவது மருத்துவத்துக்குத்தான். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தை யாரும் புகழமாட்டார்கள். ஆனால் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட், சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் மாதா மாதம் அங்கே வாங்கும் மருந்தின் உண்மை விலையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் நல்ல மருத்துவமனைகள் நிறைய உண்டு. தனியார் மருத்துவமனைக்குப் பணம் கட்டவேண்டும். 60 வயதுக்குமேல், ஏற்கனவே நோய் உள்ளவருக்கு, காப்பீடு எடுப்பது கடினம், விலையும் கூடுதல். வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படும் நிலை வந்தால் ரூபாய்க் கணக்கு முழுவதும் சரிந்துவிடும். அப்போது திரும்பி வரவேண்டும். திரும்பி வர இங்கே ஓர் இடம் இருக்கவேண்டும்.

அதனால்தான் சேமநிதியை மொத்தமாக உருவிக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்லவேண்டியிருக்கிறது. 55 வயதுக்குப் பிறகு தேவைக்கு ஏற்ப எடுக்கலாம், மாதா மாதம் வரும்படியும் செய்யலாம். மீதிப் பணத்துக்கு 100 வயது வரை ஈவுத்தொகை உண்டு. 2023-இல் 5.50 விழுக்காடு, 2024-இல் 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். 240,000 ரிங்கிட் உள்ளவர் முதலைத் தொடாமலே, ஆண்டுக்கு 6 விழுக்காடு வந்தால், மாதம் 1,200 ரிங்கிட் எடுக்கலாம். அதாவது 24,000 ரூபாய். மலாயா பென்ஷன்காரருக்கு அரசாங்கம் செய்துகொடுத்ததை, ஓரளவுக்காவது, இப்படி நாமே செய்துகொள்ளலாம். வாரிசு நியமனத்தையும் போவதற்கு முன் சரிபார்த்துவிடுங்கள். இறந்துபோன அம்மாவின் பெயரிலேயே நியமனம் இருக்கும் கணக்குகள் உண்டு.

கையில் 60,000 மட்டும் உள்ளவருக்கு இந்த வழியும் போதாது. வருமானமில்லாத முதியவர்களுக்குச் சமூகநல இலாகா கொடுக்கும் மாத உதவி 2025 முதல் 600 ரிங்கிட். அது இங்கே வாழ்பவருக்கு. ஊருக்குக் குடிபோனால் அது நின்றுவிடும் என்பதை யாரும் விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள். அவருக்கு வெளிநாட்டு வீட்டைவிட உள்ளூர் வீடுதான் அவசரம். தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்று வெளியேறுகிறவர்களுக்கு மலிவு வாடகை வீடு என்ற கோரிக்கை நம் கட்சிகளின் மேடையில் தேர்தலுக்குத் தேர்தல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

ஓய்வூதியம் உள்ளவர்கள், பிள்ளைகள் தலையெடுத்தவர்கள், உடம்பு நன்றாக உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். முதலில் மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். தை மாதத்தில் போகாதீர்கள், அப்போது எல்லா ஊரும் அழகாக இருக்கும். சித்திரை வெயிலில் போய், மின்சாரம் நிற்கும் ஒரு மதியத்தையும் அரசாங்க அலுவலகத்தில் ஒரு காலைப் பொழுதையும் கழித்துப் பாருங்கள். இங்கே உள்ள வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுங்கள். ஆண்டில் பாதி அங்கே, பாதி இங்கே என்று வைத்துக்கொண்டால் வரிச் சிக்கலும் குறையும், கிளினிக் அட்டையும் கையில் இருக்கும், பேரப்பிள்ளை பள்ளி விடுமுறைக்குள் திரும்பிவிடலாம்.